கொண்டச்சிக் கரையில் காடு எது, ஊர் எது

மன்னார் மாவட்டத்தின் தெற்கே, முசலிப் பிரதேச செயலாளர் பிரிவில் இருக்கும் கொண்டச்சிக் கரையைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. கொழும்பில் சொல்லப்படும் கதையில் அது வில்பத்துவின் ஓரம். போர் முடிந்ததும் காடு வெட்டி அழிக்கப்பட்ட இடம். சிலாவத்துறையிலும், புத்தளத்து அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்களின் வீடுகளிலும் சொல்லப்படும் கதையில் அது ஊர். பத்தொன்பது ஆண்டு ஆளில்லாமல் கிடந்ததால் பற்றை மூடிப்போன ஊர். இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஒரே மண்ணைப் பார்த்து ஒருவர் காடு என்கிறார், மற்றவர் காணி என்கிறார். இந்தப் பிணக்கு 2009இல் தொடங்கியதாகவே பெரும்பாலான எழுத்துகள் நினைக்கின்றன. அதன் வேர் அதைவிட மிகப் பழையது.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். அரிப்பிலிருந்து சிலாவத்துறை, கொண்டச்சிக்குடா, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் வழியாகத் தெற்கே குதிரைமலை வரை போகும் கரை, மன்னார்த் தீவின் வெள்ளை மணற்கரை போன்றது அல்ல. இங்கே செம்மண் பல இடங்களில் கடல் வரை வந்து, சிறு மேடாக அறுந்து நிற்கிறது. அந்த மண்ணில் நீர் நிற்காது, ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீற்றரை ஒட்டியே இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். வடக்கே அருவியாறு அரிப்புக்கு அருகே கடலில் சேர்கிறது. தெற்கே மோதரகம் ஆறு வில்பத்துத் தேசியப் பூங்காவின் வட எல்லையாக ஓடுகிறது. இந்த இரண்டு ஆறுகளுக்கும் இடையிலுள்ள நிலந்தான் நம் பேச்சு. பழைய தேக்கம் அணை அருவியாற்று நீரை ஒரு பக்கம் கட்டுக்கரைக்குளத்துக்கும் மறுபக்கம் அகத்திமுறிப்புக் குளத்துக்கும் அனுப்புகிறது. அகத்திமுறிப்பின் கீழ் வயல். அதற்கு அப்பால் மேட்டில் சேனை, மேய்ச்சல், முதிரையும் பாலையும் வீரையும் நிற்கும் வறட்காடு. கரையில் மீனவர் வாடி. ஒரே குடும்பம் மழைக்கு வயலிலும், வயல் காய்ந்ததும் கடலிலும், இடையில் மாட்டோடு காட்டிலும் நின்றது. இந்த நிலத்தில் எந்த ஒரு பகுதியும் ஆண்டு முழுவதும் பயன்பட்டதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது விளங்கும்.

கொண்டச்சி உலகுக்குத் தெரியவந்தது முத்தால். 1796இல் இலங்கைக் கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு வந்த உடனேயே கொண்டச்சிக்குடாவில் முத்துக்குளிப்பு நடத்தினார்கள். சலாபம் எனப்படும் அந்த முத்துக்குளிப்பில் 1798ஆம் ஆண்டு அரசுக்கு வந்த வருவாய் ஏறத்தாழ 1,92,000 பவுண். அந்தத் தொகையைவிட நிலம் பற்றி ரொபர்ட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில் சொல்வதே இங்கே முக்கியம். ஆண்டின் பெரும்பகுதி சில குடிசைகளும் மணலுமாகக் கிடக்கும் இடம், மாசி, பங்குனி வந்ததும் பல்லாயிரம் பேர் குடியிருக்கும் நகரமாகிவிடும். தூத்துக்குடிப் பரவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மலையாளக் கரைக் குளிகாரரும் வருவார்கள். செட்டிகள் கடை விரிப்பார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டிகள் கூலிக்கு அமர்த்தப்படுவார்கள். கொட்டு எனப்படும் அடைப்புகளில் சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, கழுவி, முத்தெடுப்பார்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் கொண்டச்சியில் இல்லை, இருந்தது உவர். வடக்கே நான்கு மைல் தொலைவிலுள்ள அரிப்பிலிருந்துதான் நல்ல நீர் வரவேண்டும். காற்று திரும்பியதும் பந்தல்கள் பிரிக்கப்படும், ஓலை கொளுத்தப்படும், சிப்பி ஓட்டுக் குவியல் மிஞ்சும்.

கடற்கரை நில மாற்றம் என்றால் நாம் மெல்ல நடக்கும் ஒன்றைக் கற்பனை செய்கிறோம்: காடு குறைகிறது, கட்டடம் கூடுகிறது. கொண்டச்சியில் ஒரு நகரம் ஆண்டுக்கு ஒருமுறை முளைத்து மடிந்தது. சில காலத்தில் அது முளைக்கவே இல்லை. 1796 முதல் மூன்று ஆண்டு இடைவிடாமல் அள்ளியதில் சிப்பி வளரும் பார்கள் வற்றின. 1837க்குப் பின் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் சலாபமே நடக்கவில்லை. பார் என்று குளிகாரர் சொல்லும் அந்தக் கடலடிப் பாறைப் பரப்புகளில் சிப்பிக் குஞ்சு ஏன் சில ஆண்டுகளில் அடைகிறது, ஏன் சில ஆண்டுகளில் ஒட்டுமொத்தமாக மறைகிறது என்று கண்டறிய, உயிரியலாளர் ஹேர்ட்மன் 1902இல் இங்கே வரவழைக்கப்பட்டார். அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலும் ஆய்ந்து எழுதிய அறிக்கை ஐந்து தொகுதிகளாக வந்தது. பாரும் மணலும், மீனும் நீரோட்டமும் எல்லாம் அதில் பேசப்பட்டன. அறிக்கை முடியுமுன்பே, 1905இல், எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பி மறிச்சுக்கட்டியில் கரையேறியது. அந்த வெறியில் 1906இல் பார்களை இருபது ஆண்டுக்கு ஒரு தனியார் நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி இல்லை, நிறுவனம் முறிந்தது. கடைசிப் பெருஞ்சலாபம் 1925இல் நடந்தது. எதிர்க்கரையான தூத்துக்குடியில் 1961 வரை நீடித்து அங்கேயும் நின்றது.

அந்தக் காலத்தின் ஒரே பெருங்கட்டடம் இன்று அரிப்பில் பாழாய் நிற்கிறது. ஆங்கிலேயரின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் சலாபத்தை மேற்பார்க்கக் கட்டுவித்த மாளிகை அது. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். அது நிற்கும் செம்மண் மேட்டைக் கடல் அடியிலிருந்து அரித்துக்கொண்டே வருகிறது. சுவர்கள் பகுதி பகுதியாகச் சரிந்துவிட்டன. இந்தக் கரையில் கடல் நிலத்துக்குள் வருகிறது என்பதற்குத் தனியாக ஆய்வுக்கருவி தேவையில்லை.

முத்து ஓய்ந்ததும் கொண்டச்சி அரசின் கணக்கில் பயனற்ற இடமாயிற்று. கணக்கு அப்படி எழுதப்படுவதற்கான சட்டம் ஏற்கெனவே இருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம், காடாகவோ தரிசாகவோ குடியில்லாமலோ பயிரில்லாமலோ இருக்கும் நிலம் எல்லாம், வேறு யாருடையது என்று நிரூபிக்கப்படும் வரை முடிக்கே உரியது என்று கொண்டது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்காக எழுதப்பட்ட சட்டம் என்றே நமக்குப் பாடம் நடத்துவார்கள். அது மிக ஆழமாக வெட்டியது வறண்ட வலயத்தைத்தான். ஒரு சேனையை வெட்டிப் பயிரிட்டு ஏழெட்டு ஆண்டு ஆறவிடும் ஊரில், எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் பெரும்பகுதி நிலம் பயிரில்லாமலேதான் இருக்கும். பருவத்துக்கு வாடி போடும் கரையில், எட்டு மாதம் குடியில்லாமலேதான் இருக்கும். ஆகவே மேய்ச்சல் தரையும் ஆறவிட்ட சேனையும் வாடியடியும் அரச காணியாயின. மக்கள் கையில் இருந்தது வயலும் வளவும். அதிலும் பல அனுமதிப்பத்திரக் காணி, உறுதிக் காணி அல்ல.

சுதந்திரத்துக்குப் பின் அரசும் அதே கண்ணோடுதான் இங்கே வந்தது. நீர் இறங்கும் செம்மண்ணில் மரமுந்திரிகை நன்றாக வரும் என்பதால், கொண்டச்சியில் ஆறாயிரம் ஏக்கர் அளவில் மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனத்தின் தோட்டம் உருவானது. ஊர் மேய்ச்சலுக்கும் சேனைக்கும் போன பரப்பில் ஒரே பயிர், ஒரே முதலாளி. வேலை கிடைத்தது உண்மை. போர் வந்ததும் அதுவும் கைவிடப்பட்டுப் பற்றைக்குள் போனது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வடமாகாணம் முழுவதிலும் எழுபத்தையாயிரம் பேர் வரை. மன்னாரிலிருந்து போனவர்களில் மிகப் பலர் புத்தளத்தில் ஓலைக்கொட்டில் முகாம்களில் அமர்ந்தார்கள். கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி போன்ற ஊர்கள் ஒரே கிழமையில் வெறுமையாயின. தமிழ்க் கத்தோலிக்க ஊரான முள்ளிக்குளம், சிலாவத்துறைப் பகுதி படையினரிடம் போன 2007 செப்டெம்பரில் வெளியேறியது. கடற்படை அங்கே தன் வடமேல் கட்டளைத் தலைமையகத்தை அமைத்துக்கொண்டது. ஊரவர் அருகிலுள்ள மலங்காட்டிலும் காயக்குழியிலும் தகரக் கொட்டிலில் இருந்து, தங்கள் குளத்தையும் தேவாலயத்தையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். 2017இல் நடந்த போராட்டத்துக்குப் பிறகே ஒரு பகுதி நிலத்தை விட இணக்கம் வந்தது.

வறண்ட வலயத்தில் கைவிட்ட நிலம் எவ்வளவு விரைவாக மூடும் என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். முதல் மழைக்குப் புல்லும் செடியும். இரண்டு மூன்று ஆண்டில் ஈச்சையும் சூரையும் விடத்தலும். பத்து ஆண்டில் ஆள் நுழைய முடியாத முட்பற்றை, நடுவே பழைய வளவு மரங்கள். பத்தொன்பது ஆண்டில் பாலைக் கன்றுகள் தலைக்கு மேலே போய்விடும். யானை வரும். வயல் வரம்பு தெரியாது. கிணற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2009க்குப் பின் திரும்பியவர்கள் முதலில் செய்தது தங்கள் காணியைத் தேடியதுதான். ஒரு குடும்பமாகப் போனவர்கள் பல குடும்பங்களாக வந்திருந்தார்கள். முகாமில் மணமுடித்த பிள்ளைகளுக்கு வளவு வேண்டும்.

அந்த நேரத்தில்தான், 2012 ஒக்டோபரில், மறிச்சுக்கட்டி – கரடிக்குளி ஒதுக்கக் காடு வர்த்தமானியில் வெளிவந்தது. தங்கள் குடியிருப்பும் மேய்ச்சலும் கோட்டுக்குள் போனதும், அளவை செய்தவர்கள் ஊருக்குள் வந்து யாரையும் கேட்காததும் மக்கள் இன்றுவரை சொல்லிவரும் முறைப்பாடு. இன்னொரு பக்கம், மீள்குடியேற்றத்துக்கு என்று கல்லாறுப் பகுதியில் வனத் திணைக்களத்தின் ஒதுக்கக் காடு இயந்திரத்தால் வெட்டித் துப்புரவாக்கப்பட்டது. சூழல் அமைப்புகள் எழுப்பிய குரல், 'வில்பத்துவைக் காப்போம்' என்ற முழக்கமாகி நாடெங்கும் பரவியது. வில்பத்துத் தேசியப் பூங்காவின் எல்லை மோதரகம் ஆறு; குடியேற்றங்கள் ஆற்றுக்கு வடக்கே, பூங்காவுக்கு வெளியே இருக்கின்றன. இதை எத்தனை முறை சொன்னாலும் முழக்கம் மாறவில்லை. அதில் ஒரு பகுதி காட்டின் மீதான அக்கறை. இன்னொரு பகுதி முஸ்லிம்கள் மீதான வெறுப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெற்கின் ஊடகங்கள் அக்கறை காட்டவில்லை. 2017 மார்ச் 24இல், ரஷ்யாவுக்குப் போயிருந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அங்கிருந்தபடியே கையெழுத்திட்டு, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, மாவில்லு, வேப்பல், விளாத்திக்குளம், பெரியமுறிப்புப் பகுதிகளைச் சேர்த்துச் சுமார் 40,000 ஹெக்டேரை மாவில்லு பேணற்காடு ஆக்கினார். 2020 நவம்பர் 16இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாற்றில் நடந்த காடழிப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்றும், அதற்குப் பொறுப்பான முன்னாள் அமைச்சர் ரிசாத் பதியுதீன் மீள்நடுகைச் செலவை ஏற்க வேண்டும் என்றும் தீர்த்தது.

அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியானது என்றே நான் கருதுகிறேன். ஒதுக்கக் காட்டை வெட்டுவதற்கு வேண்டிய நடைமுறை எதுவும் அங்கே பின்பற்றப்படவில்லை. கல்லாற்றில் விழுந்த மரங்கள் கைவிட்ட வளவில் முளைத்தவை என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் ஊர் நிலத்தைக் காடு என்று வர்த்தமானியில் அடைத்தவர்கள் எந்த நீதிமன்றத்திலும் அதற்குப் பதில் சொல்லவில்லை. திரும்பி வருவோருக்கு வேறு காணி எங்கே என்று காட்டாமலே கோடு கீறப்பட்டது. கல்லாற்றுக் காடு வெட்டப்பட்டதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம்.

இந்த வழக்கில் எல்லாத் தரப்பும் செய்மதிப் படத்தையே சாட்சிக்கு அழைக்கின்றன. ஆகவே படம் என்ன காட்டும், என்ன காட்டாது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் லாண்ட்சாற் படத்தின் ஒரு புள்ளி, நிலத்தில் முப்பது மீற்றருக்கு முப்பது மீற்றர். நம் அளவில் ஏறக்குறைய 36 பேர்ச். கொண்டச்சியில் ஒரு வளவு அதற்குள் அடங்கும்: வீடு, கிணறு, வேம்பு, மாமரம், நான்கு பனை. மரம் அடர்ந்த வளவு மேலிருந்து பார்க்கப் பற்றைக்காடாகவே தெரியும். ஓடு போட்ட புதுவீட்டுத்திட்டம், மரமில்லாத வெட்டவெளியில் வரிசையாக நிற்பதால், வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அதனால் 1990க்கு முந்திய ஊரைப் படம் குறைத்துக் காட்டுகிறது. 2009க்குப் பிந்திய ஊரைக் கூட்டிக் காட்டுகிறது. பற்றை மூடிய முந்திரிகைத் தோட்டமும், ஆறவிட்ட சேனையும், இளம் வறட்காடும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகவே ஒளியைத் திருப்புகின்றன. வேனிலில் எடுத்த படமா, மாரி முடிந்து எடுத்த படமா என்பதைப் பொறுத்தே ஒரே பரப்பு காடாகவும் தரிசாகவும் வகை மாறும்.

இவற்றைவிடப் பெரியது, எந்த ஆண்டைத் தொடக்கமாக வைக்கிறோம் என்ற தேர்வு. 2009ஐத் தொடக்கமாக வைத்தால், கொண்டச்சிக் கரையில் நடந்தது காடழிப்பு மட்டுமே. 1985ஐ வைத்தால், முதலில் ஒரு பெரும் காடுவளர்ச்சி, பிறகு ஒரு பகுதி வெட்டு. மக்கள் துரத்தப்பட்டதன் பயனாய் வளர்ந்த பசுமையை நாட்டின் வனச் செல்வத்தில் வரவு வைத்துவிட்டு, அவர்கள் திரும்பியதைச் செலவில் எழுதுவது நேர்மையான கணக்கு அல்ல. அதே நேரம், 1985ஐ வைத்தவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பற்றைக்குள் யானையும் கரடியும் வழி அமைத்துக்கொண்டன. பழைய வரைபடம் அவற்றின் இன்றைய வழியைக் காட்டாது. மீளக் குடியேறிய ஊர்களில் யானை வேலி கேட்கிறார்கள் என்றால் அதன் பொருள் அதுதான்.

நிர்வாகமும் இதே குழப்பத்தைப் பெருக்கியது. 2001இன் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஒதுக்கக் காடுகளுக்கு வெளியே எஞ்சிய அரச காடுகளை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டது. 2020இல் அது நீக்கப்பட்டு, அந்தக் காணிகள் மீண்டும் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் போயின. ஒரே பற்றைக்குப் பிரதேச செயலகம் ஒரு நாள் அனுமதி தரும், வனத் திணைக்களம் மறுநாள் வழக்குப் போடும். கடலோரத்தில் மூன்றாவது கை உண்டு: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பேணல் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் இரண்டு கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்கிறது. முத்துப்பார்களின் பெரும்பகுதி இந்த இரண்டு கிலோமீற்றருக்கு வெளியே. அகத்திமுறிப்பிலிருந்து கடல் வரை ஒரே நீரோட்டமாய் வாழும் நிலத்தில், 300 மீற்றர்த் துண்டு மட்டும் கரை ஆகிவிடாது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து பருவத்துக்கு வரும் மீனவர் வாடிகளும், திரும்பி வந்த ஊரவரின் வாடிகளும் இந்தத் துண்டுக்குள்தான் இடம் தேடி முட்டிக்கொள்கின்றன. போர்க்காலத்தில் வெறுமையான கரையில் யார் முதலில் வாடி போட்டார்கள் என்பதே பல இடங்களில் உரிமையாகிவிட்டது.

வடக்கே மன்னார்த் தீவிலும் இதே பார்வை வேறு உருவில் வருகிறது. விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் 'தம்பபவனி' காற்றாலைப் பூங்கா திறக்கப்பட்டது: முப்பது விசையாழிகள், 103.5 மெகாவாற். அடுத்து வந்த அதானி நிறுவனத்தின் திட்டம் உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கும் விலைச் சர்ச்சைக்கும் பின் 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதியில் அமர்ந்ததும், ஒரு மாதம் வேலை நிறுத்தப்பட்டது. வெள்ளம் வடியும் வழிகளை மறித்து வீதியும் அடித்தளமும் போடப்பட்டதால் தங்கள் வீட்டுக்குள் நீர் நிற்கிறது என்பது அவர்கள் குறை. காற்றாலையோடு இல்மனைற் மணலும் சேர்ந்துகொண்டது. தீவில் முப்பது கோடித் தொன்னுக்கு மேல் கனிமமணல் இருப்பதாக ஓர் அவுஸ்திரேலிய நிறுவனம் தன் பங்குதாரருக்கு அறிவித்திருக்கிறது. அந்த மணலின் அடியில்தான் தீவின் நன்னீர் மிதக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரைகளில் தாதுமணல் அள்ளி என்ன ஆயிற்று என்பதை 2013இல் தமிழ்நாட்டு அரசு அங்கே அதைத் தடை செய்ய நேர்ந்ததே சொல்லும். விடத்தல்தீவில் 2024இல் இயற்கை ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டேரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று விடுவித்தபோது, உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. காட்டைக் காக்க ஒரு கையால் வர்த்தமானி எழுதும் அரசு, இறால் வளர்க்க மறுகையால் அதை அழிக்கிறது. கொண்டச்சியில் திரும்பி வந்தவனுக்கு இருபது பேர்ச் கொடுக்கக் காடு தடை. விடத்தல்தீவில் இறால் வளர்ப்புக்கு அரசே அந்தத் தடையை நீக்க முனைந்தது. முசலி மக்களின் கோபத்துக்கு இந்த ஒப்பீடும் ஒரு காரணம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்கு முதலில் தெரிவது 1956. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் ஹண்டிங் அளவை நிறுவனம் இலங்கை முழுவதையும் வானிலிருந்து படமெடுத்த ஆண்டு அது. வெளியேற்றத்துக்கு முன், முந்திரிகைத் தோட்டத்துக்கும் முன், இந்தக் கரை எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்தப் படங்களில் குளக்கட்டும் வரம்பும் சேனைத் திட்டும் பிரித்தறியும் அளவுக்குத் தெரியும். அவற்றை நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலத் தாள்கள் மீதும், பிரதேச செயலகத்து அனுமதிப்பத்திரப் பதிவேடுகள் மீதும், இன்றைய வர்த்தமானிக் கோடுகள் மீதும் பொருத்திப் பார்க்க வேண்டும்; கரடிக்குளியிலும் மறிச்சுக்கட்டியிலும் இன்னும் உயிரோடிருக்கும் மூத்தவர்களைக் கூட்டிக்கொண்டு கிணறு கிணறாக நடக்க வேண்டும். எந்தப் பரப்பு ஊர், எந்தப் பரப்பு ஆறவிட்ட சேனை, எந்தப் பரப்பு எப்போதுமே காடு என்று மூன்றாகப் பிரிந்துவிடும். மூன்றாவதை வனத் திணைக்களம் கையில் வைத்துக் காக்கட்டும். முதலாவதை வர்த்தமானியிலிருந்து விடுவிக்கட்டும். இரண்டாவதில்தான் யானைக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் இடையே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

காணியற்ற இளங்குடும்பங்களுக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு, ஆறாயிரம் ஏக்கர் முந்திரிகைத் தோட்டத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. அது காடு அல்ல. அரசுக் கூட்டுத்தாபனத்தின் நிலம். கொண்டச்சிக்கு நடந்து போகும் தூரம். அதில் பயிர் செத்துப் பற்றையாகிப் போன பகுதியை வளவாகப் பிரித்துக் கொடுத்திருந்தால், கல்லாற்றில் இயந்திரம் இறங்கியிருக்க வேண்டியதில்லை. அந்தப் பகுதியை அடுத்த முதலீட்டாளருக்குக் குத்தகைக்கு விடுமுன், ஊரவருக்கு அதில் எத்தனை குடும்பம் குடியேறலாம் என்று மன்னார் மாவட்டச் செயலகம் கணக்குப் பார்க்க வேண்டும்.